நகர்ந்து போன மேற்கு

மருதானை, கொழும்பு
2 ஏப்ரல் 1962

அன்புள்ள லாபிர் நானா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம். நீங்களும் மைனியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். பெருநாளைக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது மைனி கட்டித் தந்த தொதல், நான் தங்கியிருக்கும் வீட்டாரின் வாயில் இரண்டே நாளில் காலியானது. எனக்குக் கிடைத்தது இலை மட்டும்.

ஒரு விஷயம் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. நான் புத்தகம் எழுதுகிறேன். போன வாரம் வகுப்பில், "கணக்கில் பெயர் வாங்கிய முஸ்லிம் ஒருவரைச் சொல்லுங்கள்" என்று கேட்டேன். ஒரு பிள்ளை எழுந்து, "பாறூக் சேர்" என்றாள். பாறூக் சேர் எங்கள் பாடசாலையில் சம்பளம் போடும் கிளாக்கர். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு சின்னப் புத்தகமாவது வேண்டும் என்று.

நஸீருத்தீன் தூஸியைப் பற்றி எழுதுகிறேன். ஈரான் பக்கத்தில் தூஸ் என்ற ஊரில் எழுநூற்று அறுபது வருஷங்களுக்கு முன் பிறந்தவர். வானசாஸ்திரத்துக்குள் அடங்கிக் கிடந்த முக்கோணக் கணக்கைப் பிரித்தெடுத்துத் தனிக் கலையாக நிறுத்தியவர். நட்சத்திரம் பார்ப்பதற்கென்றே மலை மேல் பெரிய நிலையம் கட்டுவித்தவர்.

அவரைப் படிக்கப் படிக்க நம் ஊரில் கட்டப்போகும் புதுப் பள்ளிவாசல் நினைவுதான் வருகிறது. நானா, தொழும்போது நாம் நோக்கும் கஃபா நமக்கு நேர் மேற்கில் இல்லை. மேற்கிலிருந்து நன்றாக வலப்பக்கம் திரும்ப வேண்டும். அத்திவாரம் வெட்டுமுன் எனக்கு ஒரு வரி எழுதினால் கணக்குப் போட்டு அனுப்புவேன். தயவுசெய்து அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள்.

மைனிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம்.

உங்கள் தங்கச்சி,
றாபியா

•

பலாபத்வல
21 ஏப்ரல் 1962

அன்புத் தங்கச்சி றாபியாவுக்கு,

வஅலைக்கும் முஸ்ஸலாம். இங்கு யாவரும் நலம். உன் நலமறிந்து சந்தோஷம். உன் மைனிக்குப் பல்வலி வந்து, மாத்தளைக்குக் கூட்டிப்போய்ப் பிடுங்கியாயிற்று. இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். வீடே வெறிச்சென்று போனது.

இந்த முறை மிளகு நன்றாகக் காய்த்திருக்கிறது. கொக்கோவைத்தான் அணில் விட்டுவைக்கவில்லை. ஒரு லொறி வளைவில் தடம் புரண்டு நம் கடைக்கு முன்னால் படுத்துவிட்டது. ஆளுக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஏற்றி வந்த வெங்காயம் ஊர் முழுக்கக் குழம்பானது. யஹ்யா தன் தேத்தண்ணிக் கடைக்கு வானொலிப் பெட்டி வாங்கியிருக்கிறான். அதிலிருந்து அங்கே தேத்தண்ணி குடிப்பவர்களைவிடப் பாட்டுக் கேட்பவர்கள்தான் அதிகம்.

பள்ளி வேலை நல்லபடியாக நடக்கிறது.

உன் தூஸியைப் பற்றி, நமக்குத் தொழுவிக்கும் லெப்பையிடம் கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "பக்தாத எரிச்சவன் ஹுலாகு. அவன் பக்கத்துல ஒக்காந்திருந்த ஆள் இவரு. இவரப் பத்தியா தங்கச்சி எழுதுறாங்க?" என்றார். எனக்கும் சங்கடமாக இருந்தது. யோசித்து எழுது.

இவ்வளவுதான் இப்போதைக்கு. உடம்பைப் பார்த்துக்கொள்.

நானா,
லாபிர்

•

மருதானை
5 மே 1962

அன்புள்ள நானா அவர்களுக்கு,

ஸலாம் பல. நான் சுகம். மைனியின் பல்வலிக்கு வருந்துகிறேன். அந்த இரண்டு நாள் மௌனத்துக்கு உங்களை வாழ்த்துகிறேன். இதை மைனிக்கு வாசித்துக் காட்டவேண்டாம்.

லெப்பை சொன்னது உண்மைதான். தூஸி முதலில் மலைக்கோட்டைகளில் இருந்தவர். அந்தக் கோட்டைகள் மங்கோலியரிடம் விழுந்தபோது அவரும் அவர்கள் தலைவன் ஹுலாகுவின் கைக்குப் போனார். பக்தாத் அழிந்தபோது அவன் கூடவே இருந்தார். தடுத்திருக்க முடியுமா, முயன்றாரா என்று ஆலிம்கள் எழுநூறு வருஷமாக வாதாடுகிறார்கள். நான் அதற்குத் தீர்ப்பு எழுதவில்லை. ஆனால் ஊர்களை எரித்த அந்த மனிதனிடம் போய் இவர் கேட்டது நட்சத்திரம் பார்க்க ஓர் இடம். கிடைத்த இடத்தில் புத்தகங்களைக் கொண்டுவந்து நிரப்பினார். சீன தேசத்து அறிஞரைக்கூடப் பக்கத்தில் உட்கார வைத்தார். இதை எழுதாமல் எப்படி விடுவது?

ஒரு கதை சொல்கிறார்கள். நடந்ததோ, கட்டியதோ தெரியாது. "வரப்போவதை முன்கூட்டி அறிந்து என்ன லாபம்? மாற்றவா முடியும்?" என்று ஹுலாகு கேட்டானாம். "யாருக்கும் சொல்லாமல் மேலேயிருந்து ஒரு செப்பு அண்டாவை உருட்டிவிடச் சொல்லுங்கள்" என்றாராம் தூஸி. அண்டா கடகடவென்று விழுந்தது. படையே பதறி ஓடியது. விஷயம் தெரிந்த இவர்கள் இருவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். லாபம் இதுதான் என்றாராம்.

நட்சத்திரக் கணக்கை முடிக்க முப்பது வருஷம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அரசன் பன்னிரண்டுதான் கொடுத்தான். நபி பிறந்தநாளான மீலாதுக்குள் பள்ளியைத் திறக்கவேண்டும் என்று ஊர்ப் பெரியவர் பதுர்தீன் ஹாஜியார் உங்களை நெருக்குவது ஞாபகம் வந்தது.

பள்ளி வேலை நடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எந்த வேலை என்று எழுதவில்லை.

பதிலுக்குக் காத்திருக்கும்,
றாபியா

•

பலாபத்வல
25 ஜூன் 1962

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். பதில் போடச் சுணங்கிவிட்டது. ஹஜ்ஜுப் பெருநாள், பிறகு செத்தல் மிளகாய் விஷயமாகத் தம்புள்ளை, பிறகு தடிமன். இப்போது நலம்.

பெரிதாக எழுத ஒன்றுமில்லை. யஹ்யாவின் கடையில் சும்மா ஒரு பேச்சு வந்தது. சூரியன் வருஷம் முழுக்க ஒரே இடத்தில்தான் மறைகிறதா, இல்லை இடம் மாறுமா என்று. ஆளுக்கொன்று சொன்னார்கள். நீ படித்தவள் ஆயிற்றே, உன்னிடம் கேட்டால் தெரியும் என்று நினைத்தேன். மாறும் என்றால் எவ்வளவு மாறும்? மார்ச் மாதத்துக்கும் இப்போதைக்கும் வித்தியாசம் அதிகமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

மைனி ஸலாம் சொன்னாள்.

லாபிர்

•

மருதானை
28 ஜூன் 1962

அன்புள்ள நானாவுக்கு,

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். ஒரு மாதத்துக்கு மேல் உங்களிடமிருந்து கடிதம் இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்த கடிதமோ, என்னிடம் கணக்குக் கேட்கிறது! இந்த வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன்.

கட்டாயம் இடம் மாறும். மார்ச் மாதப் பெருநாள் காலத்தில் சூரியன் ஏறக்குறைய நேர் மேற்கில் மறைந்தது. அதிலிருந்து ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வடக்குப் பக்கம் நகர்ந்து, இந்த ஜூனில் எல்லைக்குப் போய்விட்டது. இனித் திரும்பி வரும். டிசம்பரில் தெற்கு எல்லை. நம் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் மார்ச்சில் மறைந்த மலையும் இப்போது மறையும் மலையும் வேறு வேறாக இருக்கும். அவ்வளவு வித்தியாசம்.

இதில் ஓர் அழகு உண்டு. மேற்குக்கும் வடக்குக்கும் நடுவில் உள்ள மூலையை நாலாக மடியுங்கள். மேற்கிலிருந்து ஒரு மடிப்பும் இன்னும் கொஞ்சமும் திரும்பினால் அதுதான் நம் ஊருக்குக் கிப்லா, தொழும் திசை. இரண்டு தரம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜூன் மாதச் சூரியன் நம் ஊரில் இறங்குவதும் ஏறக்குறைய அதே இடத்தில்தான்!

யஹ்யாவின் கடையில் இவ்வளவு நல்ல சந்தேகம் யாருக்கு வந்தது? அவருக்கு என் ஸலாம்.

மகிழ்ச்சியுடன்,
றாபியா

•

பலாபத்வல
3 ஜூலை 1962

அன்பு மச்சி றாபியாவுக்கு மைனி றஹீமா எழுதுவது,

ஸலாம். நாங்கள் சுகம் என்றுதான் எழுதவேண்டும். ஆனால் உன் நானா சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. இது வேறு.

அந்தச் சந்தேகம் வந்த ஆள் உன் நானாதான். பள்ளிக்கு மார்ச் மாதமே அத்திவாரம் வெட்டியாயிற்று. நீ பெருநாள் முடிந்து பஸ் ஏறின அடுத்த வாரம். சூரியன் மறைகிற நேரம் பார்த்து, உன் நானாதான் கயிற்றின் ஒரு தலையைப் பிடித்து நேர் அதை நோக்கிக் கட்டினார். பதுர்தீன் ஹாஜியார், "மாத்தளையிலருந்து ஆள் கூப்பிட்டு அளந்து கேட்டு வெட்டுவோம்" என்றார். உன் நானா சும்மா இருந்தாரா? "சூரியன விடப் பெரிய கொம்பாஸ் ஒங்ககிட்ட இருக்கா ஹாஜியார்?" என்று ஊர் நடுவில் கேட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். ஹாஜியார் சிரிக்கவில்லை. உன் ஏப்ரல் கடிதம் வரும்போது சுவர் ஒரு சாண் உயரம்.

போன மாதம், இமாம் நின்று தொழுவிக்கும் மிஹ்ராப் மாடத்துக்கு அளவு பார்க்க வந்த மேசன் புஹாரி பாஸ், சூரியன் மறையும் மஃரிபு நேரத்தில் ஓடி வந்தார். "மொதலாளி, கொஞ்சம் வந்து பாருங்க. மேக்கு நகர்ந்து போயிருச்சு!" என்றார். உன் நானா போய்ப் பார்த்தார். சூரியன் வலப்பக்கம் வேறொரு மலையில் போய் இறங்குகிறது. "மேக்கு எங்கயாவது நகருமா? நீங்கதான் சொவர நகத்திட்டீங்க" என்று புஹாரி பாஸைப் பிடித்து ஏசினார். மறுநாள், மணல் இல்லை என்று சொல்லி வேலையை நிறுத்திவிட்டார். மணல் பள்ளிக் காணியில் மலை மாதிரிக் கிடக்கிறது.

உன் கடிதம் வந்த அன்று வாசித்தார். மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். சாப்பிடாமல் எழும்பிவிட்டார். உடைப்போம் என்று சொன்னால் ஊர் கேட்கும், "எந்தக் கயிற்ற நம்பி வெட்டின?" என்று. சொல்லாமல் கட்டினால் ஊரே பிழையான பக்கம் பார்த்துத் தொழும். "நான் மௌத்தான பொறகும் தொழுவாங்களே" என்று ஒரு தரம் மட்டும் சொன்னார். மீலாதுக்கு ஒன்றரை மாதம்கூட இல்லை.

நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. பல் பிடுங்கின பிறகு நான் அதிகம் பேசுவதில்லை என்று அவர் நம்புகிறார்.

உன் மைனி,
றஹீமா

•

மருதானை
6 ஜூலை 1962

அன்புள்ள நானா அவர்களுக்கு,

ஸலாம். நான் சுகம். உங்கள் எல்லாருடைய சுகத்தையும் வேண்டுகிறேன்.

புத்தகத்தில் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். உங்கள் உதவி வேண்டும். தூஸி கிப்லா அறிய ஒரு வழி எழுதி வைத்திருக்கிறார். கணக்கு வேண்டாம், கருவி வேண்டாம். சூரியன் வருஷத்தில் இரண்டு நாள் நடுப்பகலில் மக்காவின் உச்சிக்கு நேர் மேலே வருகிறது. அந்த நேரத்தில் உலகில் எங்கே நின்று சூரியனைப் பார்த்தாலும் கஃபாவின் பக்கம் பார்ப்பதுதான். அதனால் தொங்கும் நூலின் நிழல் அப்படியே கிப்லாக் கோடாகிவிடும்.

ஒரு நாள் மே மாதக் கடைசியில் போய்விட்டது; மற்றது இந்த ஜூலை 16, திங்கட்கிழமை. மக்காவில் நடுப்பகலாகும்போது நமக்கு மூன்று மணி ஆக மூன்று நிமிஷம் இருக்கும். வானொலியில் மணியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நிழலின் நுனியில் நின்று நூலைப் பார்க்க வேண்டும். முகம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கிப்லா.

யாராவது செய்து பார்க்காமல் இதை அச்சில் போட எனக்கு மனமில்லை. கொழும்பில் இந்த வீட்டு முற்றத்தில் துணி காயக்கூட வெயில் விழாது. பள்ளிக் காணி வெட்டவெளிதானே, அங்கே செய்து பாருங்கள். ஊராரையும் கூப்பிடுங்கள். கணக்கென்றால் அவர்கள் என்னை நம்ப வேண்டும். நிழலென்றால் தங்கள் கண்ணை நம்பினால் போதும். யாரும் யாருக்கும் தோற்க வேண்டியதில்லை.

மணல் தட்டுப்பாடு என்று ஏதோ கேள்விப்பட்டேன். கொழும்பிலும் அப்படித்தான்.

உங்கள் உதவியை நம்பியிருக்கும்,
றாபியா

•

தந்தி
மாத்தளை, 16 ஜூலை 1962

முகில். நிழல் இல்லை. ஊர் கூடிக் கலைந்தது. அடுத்த மே வரை காக்கவா. லாபிர்

•

தந்தி
கொழும்பு, 17 ஜூலை 1962

வேண்டாம். நாளையும் அதே நேரம் பார்க்கவும். வித்தியாசம் நூலிழை. ஊரைத் திரும்பக் கூட்டவும். றாபியா

•

பலாபத்வல
20 ஜூலை 1962

அன்புத் தங்கச்சி றாபியாவுக்கு,

வஅலைக்கும் முஸ்ஸலாம். எல்லாரும் சுகம். உன் மைனி என்றைக்குமில்லாத சந்தோஷத்தில் இருக்கிறாள். காரணம் கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள்.

திங்கட்கிழமை எனக்குப் போன மானம் கொஞ்சமல்ல. கடை பூட்டி, வயல் விட்டு, எல்லாரும் வந்து நின்றார்கள். வானம் கறுத்தது. கலைந்து போகும்போது ஒருவன், "லாபிர் மொதலாளிக்கு நெழலும் கடன் குடுக்க மாட்டேங்குது" என்றான். உன் தந்தி வந்த பிறகு இரண்டாம் தரம் கூப்பிட எனக்கு நா எழவில்லை. புஹாரி பாஸ்தான் வீடு வீடாகப் போனார்.

புதன்கிழமை பாதிப் பேர்தான் வந்தார்கள். பதுர்தீன் ஹாஜியார் கதிரையும் குடையும் கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்தார். "வெயிலடிச்சாலும் கொட, மழ பேஞ்சாலும் கொட. எனக்கு நட்டமில்ல" என்றார். மூன்று கம்பை முக்காலி போல நிறுத்தி, புஹாரி பாஸ் நூலில் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் யஹ்யா வானொலியோடு காதை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றான். வெயில் வந்தது, போனது, திரும்ப வந்தது. உன் செப்பு அண்டாக் கதையை நினைத்துக்கொண்டேன். விஷயம் தெரிந்தவர் நடுங்குவதில்லை என்பது அவ்வளவு சரியில்லை, தங்கச்சி.

"இப்ப!" என்று யஹ்யா கத்தினான். புஹாரி பாஸ் நிழல் மேலேயே சுண்ணாம்பால் கோடு இழுத்தார். கோடு அத்திவாரத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. அத்திவாரம் வேறு பக்கம் பார்த்து வெட்டப்பட்டிருந்தது. சுவரும் முழங்கால் உயரத்துக்கு எழுப்பப்பட்டிருந்தது.

லெப்பை போய்க் கோட்டின் மேல் நின்றார். நூலை நேராகப் பார்த்தார். "ஸுப்ஹானல்லாஹ்" என்றார், அவ்வளவுதான்.

"இது யாரு சொன்ன வித்த?" என்று ஹாஜியார் கேட்டார்.

"தூஸின்னு ஒரு பெரிய ஆலிம்" என்றேன்.

"எங்க இருக்காரு? மாத்தளையிலயா?"

"அவரு மௌத்தாகி எழுநூறு வருஷம் ஆகப்போகுது."

"அப்ப ஒங்க காதுல வந்து யாரு சொன்னா?"

"என் தங்கச்சி றாபியா" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். ரோட்டில் போனவர்களுக்கும் கேட்டிருக்கும்.

ஹாஜியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவர் சொல்லியிருக்கக்கூடிய ஒரு வார்த்தை இருந்தது. ஊரே அதற்காகக் காத்திருந்தது. அவர் குடையை மடித்துக் கதிரையில் சாத்தினார். "அலவாங்கு எங்க? கொண்டாங்க. மீலாதுக்கு நாள் இல்ல" என்றார். முதல் கல்லை அவரும் நானும் சேர்ந்து நெம்பினோம். இரண்டு பேருக்கும் இடுப்புப் பிடித்துக்கொண்டது. உன் மைனி எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாள். பாதிப் போத்தல் ஹாஜியார் வீட்டுக்குப் போனது.

மீலாதுக்குள் சுவர் முடியாது. புதிய கோட்டில் அத்திவாரம் போட்டு, மேலே கிடுகு வேய்ந்து தொழுவோம், இன்ஷா அல்லாஹ். உன் புத்தகத்தில் தாராளமாக எழுது, செய்து பார்த்தோம் என்று.

அல்லாஹ் உன் அறிவில் பரக்கத் செய்வானாக.

நானா,
லாபிர்

•

மருதானை
24 ஜூலை 1962

அன்புள்ள நானாவுக்கு,

ஸலாம் ஆயிரம். உங்கள் கடிதத்தை வாசித்து அழுதேன். பாறூக் சேர் பதறிப்போய், வீட்டில் யாருக்காவது ஏதுமா என்று கேட்டார். நிழல் விழுந்துவிட்டது என்றேன். மனிதர் ஒன்றும் விளங்காமல் போய்விட்டார்.

என் பெயரை ரோட்டுக்கே கேட்கும்படி சொன்னீர்களே, நானா. என்னைக் கணக்குப் படிக்க அனுப்பியபோது ஊர் உங்களைப் பேசாத பேச்சில்லை. நீங்கள் ஒரு பதிலும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு வாத்திச்சியாக ஒரு குறை மட்டும். "அத்திவாரம் வெட்டப்பட்டிருந்தது. சுவர் எழுப்பப்பட்டிருந்தது." செயப்பாட்டு வினை மிக நன்றாக வந்திருக்கிறது. வெட்டியவர் யார், எழுப்பியவர் யார் என்று வாக்கியத்தில் தேடித் தேடிப் பார்த்தேன். எழுவாய் அகப்படவில்லை. என் மாணவிகளுக்கு நான் கொடுக்கும் பயிற்சியை உங்களுக்கும் தருகிறேன்: மேற்கண்டவற்றைச் செய்வினையில் எழுதுக.

ஹாஜியாரின் இடுப்பு எப்படி? உங்கள் இடுப்பு எப்படி?

குறும்புக்கு மன்னிப்புக் கேட்காத,
றாபியா

•

பலாபத்வல
2 ஓகஸ்ட் 1962

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். இரண்டு இடுப்பும் நேராகிவிட்டன. ஹாஜியார் தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து, குடைக்குக் கீழே உட்கார்ந்து புஹாரி பாஸுக்கு வேலை சொல்லிக் கொடுக்கிறார். புஹாரி பாஸ்தான் பாவம்.

ஒரு விஷயம். பள்ளி புதிய கோட்டுக்குத் திரும்பியதும் ரோட்டுப் பக்கம் பழைய அத்திவாரத்தில் ஒரு துண்டு மீந்துவிட்டது. புதுச் சுவருக்கும் அதற்கும் நடுவில் முக்கோணமாக ஓர் இடம். அதையும் பெயர்த்துவிடலாம் என்றேன். ஹாஜியார் விடவில்லை. "நல்ல கருங்கல்லு. சும்மா ஏன் ஒடைக்கிறீங்க? மேல சொவர எழுப்பிக் கூரையப் போட்டா பொம்பளப் புள்ளைங்க ஒக்காந்து படிக்கும். ஒங்க தங்கச்சி லீவுல வந்து கணக்குச் சொல்லிக் குடுக்கட்டும். என் பேத்திங்க நாலு பேரு இருக்காங்க" என்றார். ஜமாஅத்தில் எல்லாரும் சரி என்றார்கள். மூன்று மூலை அறை எப்படி இருக்குமோ தெரியாது. வந்து பார்த்துக்கொள்.

நீ கொடுத்த பயிற்சியை உன் மைனியை முன்னால் வைத்துக்கொண்டு செய்திருக்கிறேன். பிழை இருந்தால் திருத்து:

மார்ச் மாதம் பெருநாள் கழிந்து, யாரையும் கேட்காமல், கயிறு பிடித்து, அந்த அத்திவாரத்தை வெட்டியவன் நான். உன் வகுப்பறைக்கு.

வஸ்ஸலாம்.

உன் நானா,
லாபிர்